கங்கையில் கரைந்த மிங்கஸும் அலமாரியில் கிடந்த டேப்புகளும்

மீஞ்சூர்ல இருந்து சென்ட்ரலுக்கு லோக்கல் ட்ரெயின்ல தினமும் போய் வர்றவன் நான். காலைல கூட்டத்துல கம்பியைப் பிடிச்சு நின்னுட்டா பாட்டு கேக்குறதைத் தவிர வேற வேலை கிடையாது. போன மாசம் ஒரு நாள் காதுல ஓடிக்கிட்டிருந்தது 1964ல நடந்த ஒரு ஜாஸ் கச்சேரி. எண்ணூர் தாண்டுறப்பதான் கவனிச்சேன். டிரம்பெட் கேக்குது, பியானோ கேக்குது, டிரம்ஸ் கேக்குது. ஆனா அந்தக் குழுவோட தலைவர் வாசிக்கிற வாத்தியம் மட்டும் சுத்தமா கேக்கலை. ட்ரெயின் சத்தம் அதை அப்படியே முழுங்கிடுச்சு.

அந்தத் தலைவர் பேரு சார்லஸ் மிங்கஸ். வாசிச்சது டபுள் பாஸ்.

டபுள் பாஸ் பார்த்திருப்பீங்க. வயலின் குடும்பத்துலயே பெரிய வாத்தியம், ஆள் உயரத்தைத் தாண்டும். ஜாஸ்ல பெரும்பாலும் வில் இல்லாம நின்னுகிட்டே விரலால மீட்டுவாங்க. நாலு தந்தி. அடித் தந்தியோட சுருதி சுமாரா 41 ஹெர்ட்ஸ். நம்ம செல்போன் ஸ்பீக்கருக்கு அவ்வளவு கீழே இறங்க வராது. இளையராஜா பாட்டுல பாஸ் கிட்டார் என்ன வேலை செய்யுதுன்னு கவனிச்சவங்களுக்கு இதைச் சொல்றது சுலபம். பாடகரும் வயலினும் முன்னாடி நிப்பாங்க, பாட்டு எங்க போகணும்னு கீழ இருந்து முடிவு பண்றது பாஸ். சுருதியையும் தாளத்தையும் ஒரே ஆள் தாங்குற மாதிரி.

மோசமா பதிவு பண்ணின டேப்புல முதல்ல காணாம போறதும் அதுதான். இதை மிங்கஸே நல்லா அனுபவிச்சவர். 1953 மே 15ம் தேதி கனடாவுல டொராண்டோ மாஸி ஹாலில் ஒரு கச்சேரி. சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி, பட் பவல், மேக்ஸ் ரோச், மிங்கஸ்னு அஞ்சு பேரும் ஒரே மேடையில. அன்னிக்கு ராத்திரி ஒரு பெரிய குத்துச்சண்டைப் போட்டி இருந்ததால அரங்கம் பாதிகூட நிறையலை. டேப் மிங்கஸ் கைக்கு வந்தது. நியூயார்க்குக்குக் கொண்டு வந்து போட்டுக் கேட்டா, இவரோட பாஸ் சரியாவே விழலை! மனுஷன் ஸ்டூடியோவுல உக்காந்து பல இடத்துல தன் பகுதியை மறுபடி வாசிச்சு மேல சேர்த்தார். மேக்ஸ் ரோச்சோட சேர்ந்து 1952ல ஆரம்பிச்ச 'டெபு' ங்கிற தன் சொந்தக் கம்பெனியிலேயே அதை வெளியிட்டார். பெரிய கம்பெனிகளை நம்பக்கூடாதுன்னு அப்பவே அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

மிங்கஸ் பிறந்தது 1922 ஏப்ரல் 22, அரிசோனாவுல நொகாலெஸ். வளர்ந்தது லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல வாட்ஸ். முதல்ல டிராம்போன், அப்புறம் செல்லோ கத்துக்கிட்டார். ஆனா அந்தக் காலத்துல ஒரு கறுப்பருக்கு மேற்கத்திய செவ்வியல் இசைக் குழுவுல இடம் கிடைக்காது. நண்பர் பட்டி காலெட் யோசனை சொல்ல, பாஸ் பக்கம் வந்தார். லூயி ஆம்ஸ்ட்ராங், லயனல் ஹாம்ப்டன்னு பெரிய பெரிய குழுக்களில் வாசிச்சார். தன் ஆதர்சமான டியூக் எலிங்டன் குழுவுல 1953ல சேர்ந்து, சக கலைஞர் ஒருத்தரோட சண்டை போட்டு கொஞ்ச நாள்லயே வெளிய அனுப்பப்பட்டார். கோபக்காரர்னு பேர் எடுத்தவர். அந்தக் கோபத்துக்குக் காரணமும் இருந்தது. 1957ல அர்கன்சா மாநிலத்துல லிட்டில் ராக் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குள்ள கறுப்பினப் பிள்ளைகள் நுழையக்கூடாதுன்னு ஆளுநர் ஃபாபஸ் தேசியக் காவல் படையை நிறுத்தினார். அவரைக் கிண்டல் பண்ணி மிங்கஸ் போட்டதுதான் 'ஃபேபிள்ஸ் ஆஃப் ஃபாபஸ்'. 1959ல கொலம்பியா கம்பெனி வெளியிட்ட ஆல்பத்துல அது வார்த்தையே இல்லாம வெறும் இசையாத்தான் வந்தது. வார்த்தையோட அடுத்த வருஷம் வேறொரு சின்ன கம்பெனியில பதிவு பண்ணினார்.

சரி, டேப்புக்கு வருவோம். நான் ட்ரெயின்ல கேட்டுக்கிட்டிருந்த கச்சேரி 1964 மார்ச் 18ம் தேதி கார்னெல் பல்கலைக்கழகத்துல நடந்தது. மிங்கஸோட சேர்த்து ஆறு பேர். டிரம்பெட் ஜானி கோல்ஸ், சாக்ஸபோன் கிளிஃபர்ட் ஜோர்டன், பியானோ ஜாக்கி பையார்ட், டிரம்ஸ் டேனி ரிச்மண்ட். ஆறாவது ஆள் எரிக் டால்ஃபி. ஆல்ட்டோ சாக்ஸ், புல்லாங்குழல், பாஸ் கிளாரினெட்னு மூணுலயும் மிரட்டுற மேதை. ரசிகர்கள் இந்தக் குழுவை மிங்கஸோட மிகச் சிறந்த குழுக்கள்ல ஒண்ணா சொல்வாங்க. ஆனா இவங்க சேர்ந்து இருந்தது சில மாசம்தான்.

கார்னெல் கச்சேரி முடிஞ்சு 17 நாள்ல, ஏப்ரல் 4ம் தேதி நியூயார்க் டவுன் ஹாலில் வாசிச்சாங்க. அப்புறம் ஐரோப்பாவுக்குக் கிளம்பினாங்க. பாரிஸ்ல ஜானி கோல்ஸ் மேடையிலேயே வயித்துப் புண்ணால விழுந்தார். பயணம் முடிஞ்சதும் டால்ஃபி ஐரோப்பாவுலயே தங்கிட்டார். ஜூன் 29ம் தேதி பெர்லின்ல இறந்தும் போனார். சர்க்கரை நோய். வயசு 36. அவர் குழுவை விட்டுப் போறதுக்காக மிங்கஸ் வேடிக்கையா பேர் வச்ச 'ஸோ லாங் எரிக்' ங்கிற உருப்படி, அதுக்கப்புறம் நிஜ அஞ்சலி ஆயிடுச்சு. கார்னெல்ல அதை வாசிக்கிறப்ப யாருக்கும் அது தெரியாது. மூணு மாசம் பதினோரு நாள்தான் பாக்கி.

இப்ப கேட்டா அந்த ராத்திரி எவ்வளவு கும்மாளமா இருக்கு தெரியுமா? முந்தின நாள் அயர்லாந்துக்காரங்களோட செயின்ட் பேட்ரிக் திருநாள். அதை வச்சு ஒரு பழைய ஐரிஷ் மெட்டை எடுத்து விளையாடுறாங்க. நடுவுல சிரிப்பு, கூச்சல். 'ஃபேபிள்ஸ் ஆஃப் ஃபாபஸ்' மட்டும் கிட்டத்தட்ட அரை மணி நேரம். எலிங்டன் குழுவோட 'சோஃபிஸ்டிகேட்டட் லேடி' மெட்டை மிங்கஸ் பாஸுல வாசிக்கிறார். தம்புராவே எழுந்து நின்னு ராக ஆலாபனை பண்ணின மாதிரி இருக்கும் :-)

இந்த டேப் 43 வருஷம் வெளிய வரலை. டவுன் ஹாலும் ஐரோப்பாவும்தான் ரசிகர்களுக்குத் தெரியும். மிங்கஸ் மனைவி சூ மிங்கஸ் கண்டெடுத்துக் கொடுத்த பிறகு, 2007ல புளூ நோட் கம்பெனி ரெண்டு சிடியா வெளியிட்டது.

சூ மிங்கஸைப் பத்தி ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். மிங்கஸ் கச்சேரிகளைத் திருட்டுத்தனமா பதிவு பண்ணி விக்கிற கும்பல் நிறைய இருந்தது. இந்தம்மா பாரிஸ்ல ஒரு கடைக்குள்ள போய் அப்படிப்பட்ட ஆல்பங்களை அள்ளிக்கிட்டு, காசு குடுக்காம வெளிய நடந்தவங்க. பிறகு அந்தத் திருட்டுப் பதிவுகளையே முறையா வெளியிட ஒரு லேபிள் ஆரம்பிச்சாங்க. அதுக்கு வச்ச பேர் 'ரிவெஞ்ச்'. பழிவாங்கல்! 2022 செப்டம்பர்ல இறக்குற வரைக்கும் மிங்கஸ் இசைக்குன்னே ஓடினவங்க.

அடுத்த டேப் 1972 ஆகஸ்ட் 14, 15. லண்டன்ல ரோனி ஸ்காட் கிளப். இது திருட்டுப் பதிவு இல்ல. கொலம்பியா கம்பெனியே எட்டு டிராக் கருவி வச்சு, ஆல்பமா கொண்டு வரணும்னே பதிவு பண்ணினது. டிரம்பெட் ஜான் ஃபாடிஸுக்கு அப்ப 19 வயசு. டிரம்ஸ் வாசிச்ச ராய் புரூக்ஸ் நடுவுல மரம் அறுக்கிற ரம்பத்தை வளைச்சும் இசை எழுப்புவார். எல்லாம் தயார். ஆனா 1973ல கொலம்பியா தன்னோட ஜாஸ் கலைஞர்களைக் கூட்டமா வெளிய அனுப்பிச்சு. மிங்கஸ், ஆர்னெட் கோல்மன், பில் எவன்ஸ், கீத் ஜாரெட் எல்லாரும் போனாங்க. மைல்ஸ் டேவிஸ் மாதிரி விக்கிற ஆள்தான் தப்பிச்சார். ஐ.டி.யில இருக்கிறவங்களுக்கு இது புரியும். நல்லா வேலை செய்யுற புராஜெக்ட், முடிஞ்சும் போச்சு, ஆனா அதுக்கு மேல இருந்த டீமையே மூடிட்டாங்க. அந்த டேப்புகள் கிட்டத்தட்ட 50 வருஷம் கிடந்து, மிங்கஸ் நூற்றாண்டு வந்தப்ப, 2022 ஏப்ரல்ல ரெசனன்ஸ் கம்பெனி மூலமா வெளிய வந்தது.

மூணாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1973 பிப்ரவரி, டெட்ராய்ட். பியானோக் கலைஞர் கென்னி காக்ஸும் நண்பர்களும் சேர்ந்து நடத்தின ஸ்ட்ராட்டா ங்கிற சின்ன அரங்கம். செல்டன் தெரு, 46ம் எண். பியானோ டான் புல்லன், சாக்ஸ் ஜான் ஸ்டபிள்ஃபீல்ட், டிரம்பெட் ஜோ கார்ட்னர், டிரம்ஸ் மறுபடி ராய் புரூக்ஸ். உள்ளூர் ரேடியோ நிலையம் நேரடியா ஒலிபரப்பிச்சு. காத்துல போன கச்சேரி, அதோட கதை முடிஞ்சிருக்கணும். ஆனா டேப்பை ராய் புரூக்ஸ் குடும்பம் வச்சிருந்தது. 2005ல அவர் இறந்தார். அதுக்குப் பிறகும் அவர் மனைவி அதைப் பத்திரமா காப்பாத்தினார். 2018ல அஞ்சு சிடியா வெளிய வந்தது. டிரம்ஸ் வாசிச்சவர் வீட்டு அலமாரிக்குள்ள மிங்கஸ் 45 வருஷம் உசிரோட இருந்திருக்கார்.

மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. கம்பெனி பணம் போட்டுப் பதிவு பண்ணினதையே கம்பெனி வேண்டாம்னு விட்டுச்சு. மத்த ரெண்டும் பிழைச்சதுக்குக் காரணம், யாரோ ஒருத்தர் தூக்கிப் போடலை, அவ்வளவுதான். தரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நல்ல இசை எப்படியும் நிலைச்சு நிக்கும்னு நாம சொல்லிக்கிறோம். நிலைச்சு நின்னதை மட்டும்தானே நாம கேக்குறோம்? நிக்காததுல எது எது நல்லா இருந்ததுன்னு நமக்கு எப்படித் தெரியும்?

கம்பெனி கிடங்கு பத்திரம்னும் நினைச்சுடாதீங்க. 2008 ஜூன் 1ம் தேதி ஹாலிவுட்ல யுனிவர்சல் ஸ்டூடியோ வளாகத்துல தீ. அங்க இருந்த கிடங்குல மூலப் பதிவு டேப்புகள் ஏராளமா எரிஞ்சு போச்சு. எவ்வளவு பெரிய இழப்புன்னு உலகத்துக்குத் தெரிய வந்தது 2019ல, ஒரு பத்திரிகைக் கட்டுரை மூலமா. தீ மட்டும் இல்ல, டேப்பே தானா சாகும். பிளாஸ்டிக் நாடா மேல இரும்பு ஆக்சைடு தூளைப் பசை போட்டு ஒட்டினதுதான் டேப். 1970, 80கள்ல வந்த சில வகை டேப்புல அந்தப் பசை காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுன்னு ஆயிடும். அப்படியே ஓட்டினா தூள் உதிர்ந்து இசையும் அதோட போயிடும். அதனால சுமார் 50 டிகிரி சூட்டுல மணிக்கணக்கா 'வேக வச்சு', ஈரத்தை எடுத்து, உடனே கம்ப்யூட்டருக்கு மாத்திடுவாங்க.

நம்ம ஊர்க்காரர் கதையும் ஒண்ணு இருக்கு. பம்பாய்ல பிறந்த கோவாக் குடும்பத்துக் கிட்டார்க் கலைஞர் அமான்சியோ டிசில்வா. 1960கள்ல லண்டன் போய் இந்திய ராகங்களையும் ஜாஸையும் சேர்த்தவர். 1970களோட தொடக்கத்துல அவர் பதிவு பண்ணின 'கொங்கன் டான்ஸ்' ஆல்பம் அப்ப வெளிய வரவே இல்ல. வந்தது 2006ல. அவர் 1996லயே இறந்துட்டார். தன் ஆல்பத்தைக் கடையில பாக்கலை அந்த மனுஷன்.

மிங்கஸுக்கும் அதே கதிதான். 1966 நவம்பர்ல நியூயார்க் கிரேட் ஜோன்ஸ் தெருவுல இருந்த அவர் வீட்டைக் காலி பண்ண வச்சாங்க. சாமான், பாஸ், இசைத் தாள் எல்லாம் தெருவுல. அதை ஒரு ஆவணப் படமாவே எடுத்திருக்காங்க. 1977ல நரம்புத் தளர்ச்சி நோய் ஒண்ணு வந்தது. ஏ.எல்.எஸ். முதல்ல பாஸ் பிடிக்கிற விரல் போச்சு, அப்புறம் நடை போச்சு. டேப் ரெக்கார்டர்ல வாயால பாடிப் பாடி மெட்டுப் போட்டார். 1979 ஜனவரி 5ம் தேதி மெக்சிகோவுல குவெர்னவாக்கா ஊர்ல இறந்தார். வயசு 56.

அவர் ஆசைப்படி சூ மிங்கஸ் அஸ்தியை இந்தியாவுக்குக் கொண்டு வந்து கங்கையில கரைச்சாங்க. மறுபிறவியில நம்பிக்கை உள்ளவர். இளம் வயசுல ஓவியர் ஃபார்வெல் டெய்லர் வேதாந்தம் பத்திச் சொல்லிக் கொடுத்ததுல இருந்து அந்த ஈடுபாடு. உயிரோட இருந்தப்ப பேப்பர் துண்டைக்கூட விடாம சேர்த்து வச்ச ஆளு, உடம்பை மட்டும் ஒண்ணுமே மிச்சம் இல்லாத மாதிரி தண்ணியில விடச் சொல்லியிருக்கார். அவர் விட்டுட்டுப் போன தாள்களை ஆண்ட்ரூ ஹோம்ஸி ங்கிற ஆய்வாளர் பட்டியல் போடுறப்ப, 'எபிடாஃப்' ங்கிற ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஓடுற பிரம்மாண்டமான இசைக்கோவை கிடைச்சது. 4,000 பாருக்கு மேல. 1989 ஜூன் 3ம் தேதி நியூயார்க் லிங்கன் சென்டர்ல முதல் தடவையா முழுசா வாசிச்சாங்க. எழுதினவர் போய் பத்து வருஷம் ஆயிருந்தது.

இதெல்லாம் எதுக்கு மீஞ்சூர்க்காரன் எழுதுறேன்னு கேப்பீங்க. சொல்லிடறேன்.

எங்க அம்மா ஊர் பழவேற்காடு பக்கம் ஒரு மீனவக் குப்பம். தாத்தா கரைவலை இழுக்குறப்ப பாட்டு எடுத்துக் கொடுக்கிற ஆள். அவர் ஒரு அடி பாட, இழுக்கிறவங்க எல்லாம் பின்பாட்டு. மாமா வெளிநாட்டுல இருந்து டூ-இன்-ஒன் வாங்கிட்டு வந்த புதுசுல, தாத்தாவைத் திண்ணையில உக்கார வச்சு ஒரு கேசட் முழுக்க பாட வச்சு பதிவு பண்ணினாராம். மேல பால்பாயிண்ட் பேனாவால 'அப்பா பாட்டு' ன்னு எழுதியிருக்கும். நான் பிறக்கறதுக்கு முன்னாடியே தாத்தா போயிட்டார்.

2006ல எனக்கு எட்டு வயசு. எஃப்.எம்.ல வர்ற சினிமாப் பாட்டைப் பதிவு பண்ண எனக்கு ஒரு கேசட் வேணும். அலமாரியில இது இருந்தது. கேசட் முதுகுல ரெண்டு சின்ன பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைச்சு விட்டா மேல பதிவு பண்ண முடியாது. மாமா உடைக்கலை. நான் ரெக்கார்டும் பிளேயும் சேர்த்து அழுத்தினேன். ரெண்டு பக்கமும். கேசட் கருவியில பதிவு பண்ற ஹெட்டுக்கு முன்னாடி அழிக்கிற ஹெட் ஒண்ணு இருக்கும். டேப் முதல்ல அதைக் கடந்துதான் வரும். பழைய சத்தத்தைத் துடைச்சிட்டுத்தான் புதுசு ஏறும். இதை இன்ஜினியரிங் படிக்கிறப்பதான் தெரிஞ்சுக்கிட்டேன். அம்மா அன்னிக்குத் திட்டலை. கேசட்டை வாங்கிப் பார்த்துட்டு, "சரி விடு" ன்னு உள்ள போயிட்டாங்க. திட்டியிருக்கலாம்.

ஆபீஸ்ல என் வேலையில பாதி பேக்கப் சம்பந்தப்பட்டதுதான். மூணு காப்பி, ரெண்டு விதமான சாதனம், அதுல ஒண்ணு வேற இடத்துல. இது எங்க பால பாடம். யாரோ முகம் தெரியாத கம்பெனியோட பில் விவரத்துக்கு இவ்வளவு பண்றேன். எங்க தாத்தா குரலுக்கு ஒரே ஒரு காப்பி. அதையும் அழிச்சது நான்.

ராய் புரூக்ஸ் வீட்டுல எட்டு வயசுப் பையன் யாரும் அந்த டேப்பைத் தொடலை. மிங்கஸோட அதிர்ஷ்டம்.

போன ஞாயித்துக்கிழமை பழவேற்காடு போயிருந்தேன். மாமாவுக்கு இப்ப எழுபது தாண்டியாச்சு. "தாத்தா பாட்டு ஏதாவது ஞாபகம் இருக்கா மாமா?" ன்னு கேட்டேன். "அட போடா, வலை இழுக்கவே ஆள் இல்ல, பாட்டு எங்க" ன்னார். அத்தை டீ கொண்டு வந்து வச்சாங்க. கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் தொண்டையைச் செருமிட்டு ஆரம்பிச்சார். ரெண்டு அடி வந்தது. மூணாவது அடியில தடுமாறி நின்னுட்டார். உள்ள இருந்து அத்தை மிச்சத்தை எடுத்துக் கொடுத்தாங்க! மொத்தம் நாலு நிமிஷம் பத்து விநாடி. பின்னணியில காத்து சத்தம், ஒரு கோழி, போட் மோட்டார் ஒண்ணு. தாத்தா பாட்டு இதுதானா, இல்ல மாமா மாத்திட்டாரான்னு சரி பார்க்க வழியே இல்ல.

மூணு காப்பி எடுத்தாச்சு. ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு மாமா பொண்ணுகிட்ட, ஒண்ணு கிளவுடுல. அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு தடவை கேட்டாங்க. "அத்தை பாடுற இடம் சரியா இருக்கு" ன்னாங்க. அப்புறம், "இன்னொரு தடவை போடு" ன்னாங்க.

உங்க வீட்டுல பழைய கேசட் இருந்தா, இன்னிக்கே அந்த ரெண்டு பல்லையும் உடைச்சிடுங்க.